சோத்துக்கைப் பக்கத்துக் கண்

மாடு அணையப் போனவன் மாடு முட்டிச் செத்தால் அதற்கொரு பேர் உண்டு. ஊர் கொஞ்ச நாள் பேசும், பாட்டுக்கூடக் கட்டும். மாட்டையும் அணைத்து, மாலையும் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு வீட்டுக்கு நடந்து வந்தவன் மத்தியானம் படுத்த பாயிலேயே கிடந்து சாவானா? அப்படியும் ஒரு சாவு இருக்கிறதென்று அன்றைக்குக் காலை வரை செவந்திக்குத் தெரியாது.

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்துச் சின்ன ஊர். மாசி மாதத்து மஞ்சுவிரட்டு. சமஸ்தானம் போய், சர்க்கார் மாறி, மதுவிலக்குச் சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். செவந்தியின் புருஷன் சேவுகன் விடிந்ததும் நீராகாரத்தைக் குடித்துவிட்டுத் திடலுக்குப் போனான். கோயில் மாட்டுக்கு அடுத்து அவிழ்த்துவிட்ட செவலைக் காளையின் திமிலைப் பிடித்தான். பிடித்தவன் விட்டானா? விடவில்லை. அது அவனைத் தொழுவத்துக் கட்டையில் மோதி, புழுதியில் உருட்டிவிட்டுத்தான் நின்றது. எந்தப் பக்கம் எதில் மோதினான் என்று அந்தத் தூசியில் ஒருத்தரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தான். அப்புறம் எழுந்தான், துண்டை உதறினான், சிரித்தான். இடது நெற்றியோரம் தோல் வழண்டு கோழிமுட்டை கணக்காக வீங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற காயத்தைத்தானே உலகம் காயம் என்கிறது! எல்லோரும் அந்த வீக்கத்தைத்தான் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டியைச் சீண்டினான். "என்னடி, மாலையவே பாக்குற? மாப்பிள்ளையப் பாக்க மாட்டேங்குற?"

"மாப்பிள்ளை மூஞ்சி பூராம் புழுதி. தொடச்சுவிட்டுத்தான் பாக்கணும்."

செம்பில் தண்ணீர் மோந்து வந்து துணியை நனைத்துத் துடைத்தாள். வீக்கத்தில் துணி பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டான். வலது காதுக்கு முன்னால், பொட்டில் பட்டபோதுதான் "ஆத்தாடி!" என்று தலையை இழுத்துக்கொண்டான். அங்கே ஒரு கீறல்கூட இல்லை. வீம்புக்குக் கத்துகிறான் என்று செவந்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் அப்புறம் எத்தனை தரம் தன்னையே வைதுகொண்டாளோ, அது அவளுக்குத்தான் தெரியும்.

சோற்றில் இரண்டு வாய் வைத்தான். தலை விண்விண்ணென்று தெறிக்கிறது என்றான். வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தான். திரும்பி வந்து படுத்தவனுக்கு நாக்குக் குழறியது. செவந்தியைப் பார்த்து, செத்துப்போன தன் ஆத்தாளைக் கூப்பிடுகிறமாதிரி ஏதோ சொன்னான். அப்படியே கண் சொருகிவிட்டது.

மூத்தாரைக் கூப்பிட ஓடினாள்.

மூத்தார் என்றால் சேவுகனின் அண்ணன் ராக்கன். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவன். தங்கமான மனுஷன் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் ஊர்க்கோடி முந்திரித் தோப்புக்குள் மண்ணைத் தோண்டிப் பானை புதைத்து ஊறல் போட்டுச் சாராயம் இறக்குகிற தொழிலும் அவனுக்கு இருந்தது. ஒரு தடவை பிடிபட்டு ஜெயிலுக்கும் போய் வந்தாயிற்று. இன்னொரு தடவை என்றால் சும்மா விடமாட்டோம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து காக்கி நிறத் துணியைக் கண்டாலே வந்த வழியே திரும்பிவிடுவான்.

ராக்கன் வந்து தம்பியைக் குனிந்து பார்த்தான். குழறல், வாந்தி, மயக்கம். அவனுக்குத் தெரிந்த நோய் ஒன்றே ஒன்றுதான்.

"எவனோ சந்தோசத்துல ஊத்திவிட்டிருக்கான். தூங்கட்டும், எறங்கிரும்."

மூத்தாருக்கு நேர்முகம் காட்டிப் பேசுவது அந்த வீட்டு வழக்கமில்லை. செவந்தி கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு, அதனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "அவுக குடிக்கல. வாயை மோந்து பாக்கச் சொல்லுங்க."

அவன் மோந்து பார்த்தான். வாடை இல்லை. இல்லாவிட்டால் என்ன, பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள்! சாராயம் காய்ச்சுகிறவனுக்கு உலகத்திலுள்ள மயக்கமெல்லாம் சாராய மயக்கம். "வாந்தியோட போயிருச்சு வாடை" என்று முடித்துவிட்டான்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா..."

"போனா? டாக்டரு வாயை மோந்து எழுதிக் குடுத்தா நேரா ஜெயிலு. எங்க குடிச்ச, எவன் காச்சினான்னு கேப்பான். அப்புறம் தோப்புக்கு வருவான். பேசாம இரு தாயி."

சேவுகன் குறட்டை விட ஆரம்பித்தான். "கேட்டியா, நல்லாத் தூங்குறான்" என்றான் ராக்கன். ஆனால் செவந்தி அந்த மனுஷன் பக்கத்தில் படுத்தவள். அவனுடைய குறட்டை அவளுக்குத் தெரியாதா? இது அது இல்லை. தொண்டைக்குள் எதுவோ அடைத்துக்கொண்டு இழுக்கிற சத்தம். அவள் குனிந்து அவன் கண் இமைகளைத் தூக்கிப் பார்த்தாள். இடது கண்ணின் நடுவில் இருக்கிற கறுப்புப் பாப்பா எப்போதும்போல் மிளகு அளவில் இருந்தது. வலது கண்ணில் அந்தப் பாப்பா விரிந்து நாவற்பழமாய்க் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தும் அது சுருங்கவில்லை. யாரோ வேற்றாள் உள்ளேயிருந்து பார்க்கிறமாதிரி இருந்தது.

அவள் அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் ராக்கன் வெளியே போயிருந்தான். வீக்கத்துக்குப் பற்றுப் போட்டால் தெளிந்துவிடும் என்பது அவன் வைத்தியம். ஊறலில் போதை ஏற்றுவதற்குக் காயோடு ஒடித்துக் கட்டி வைத்திருந்த ஊமத்தஞ்செடிக் கட்டு மாட்டுக்கொட்டகை மூலையில் கிடந்தது. அதிலிருந்து இலையை உருவி, அம்மியில் நசுக்கி, சாறு சொட்டச் சொட்டக் கொண்டுவந்து இடது நெற்றி வீக்கத்தில் அப்பித் துணியால் கட்டினான். பாசக்காரக் கை, தாராளமாகவே அப்பியது. பச்சைச் சாறு புருவத்தில் இறங்கி இடது கண்ணுக்குள் வழிந்தது. "கண்ணுல ஓடுது மாமா" என்றாள் செவந்தி, வழக்கத்தை மறந்து நேராகவே. "ஒண்ணும் செய்யாது, குளுமைதான்" என்றான் அவன்.

வெயில் சாய ஆரம்பித்தபோது குறட்டை நின்றது. மூச்சும் நின்றது. செவந்தி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் மார்பையே பார்த்தாள். நின்றது நின்றதுதான் என்று அவள் அலறப்போன சமயத்தில் பெரிதாக ஒரு மூச்சு வாங்கினான். ராக்கனும் அதைப் பார்த்துவிட்டான்.

"அட பாவி, இது குடியில்ல" என்றான். வண்டியைப் பூட்டிக்கொண்டு வர ஓடினான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை! மத்தியானமே பூட்டியிருக்க வேண்டிய வண்டி.

ரோட்டுக்கு வந்து, எதிரே வந்த செங்கல் லாரியை மறித்து ஏற்றினார்கள். லாரியில் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ராக்கன் கட்டை அவிழ்த்து இலையை வீசி எறிந்தான். தன் வேட்டித் தலைப்பை எச்சிலில் நனைத்துப் பச்சைக் கறையைத் தேய்த்துத் துடைத்தான்.

"மாடு தள்ளிருச்சுன்னு மட்டும் சொல்லு. எலையைப் பத்தி மூச்சு விட்றாத. ஊமத்தைன்னா அவனுகளுக்குச் சாராயம்னுதான் அர்த்தம். என் பிள்ளைக மூணும் பச்சைப்பிள்ளைக."

செவந்தி தலையை ஆட்டினாள். புருஷன் மூச்சு வந்தால் போதும், இலையைப் பற்றிப் பேச அவளுக்கு என்ன இருக்கிறது? ஒரு மேட்டில் லாரி தூக்கிப் போட்டபோது அவள் மறுபடியும் இமைகளைத் தூக்கிப் பார்த்தாள். இப்போது இடது கண்ணின் பாப்பாவும் விரிந்துவிட்டிருந்தது. இரண்டு கண்ணும் இரண்டு இருட்டுக் குழி.

டவுனுக்கு முன்னாலேயே ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்தது. உள்ளே நுழைந்தால், அவர்கள் கெட்ட நேரம், வராந்தா பெஞ்சில் ஏட்டு ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். குடித்தவன் என்று எவனையோ பிடித்துக்கொண்டு வந்து, டாக்டர் மோந்து பார்த்து எழுதித் தருவதற்காகக் காத்திருந்தார். ராக்கன் கால் ஒரு நிமிஷம் தரையோடு ஒட்டிக்கொண்டது. தம்பியின் கனம்தான் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போயிற்று.

டாக்டர் சொக்கநாதன் இளவயசுக்காரர். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளை, வியாபாரத்துக்குப் போகாமல் மதராஸில் படித்துவிட்டு வந்தவர். சேவுகனை மேஜையில் கிடத்தி, கை கால்களைக் கிள்ளிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. இமைகளைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். வலது. இடது. மறுபடி வலது. டார்ச்சை அணைத்துவிட்டார்.

"எப்ப அடிபட்டுச்சு?"

"காலையிலங்க. மாடு தள்ளிருச்சு. எந்திரிச்சு நடந்துதான் வந்தான்" என்றான் ராக்கன்.

"நடந்து வந்தானா! அப்பவே கொண்டாந்திருந்தா..." டாக்டருக்குக் கோபம் வந்து பாதியில் அடங்கிவிட்டது. "மண்டையோடு எலும்புப்பா, எளகிக் குடுக்காது. உள்ள ரத்தக் கொழாய் ஒண்ணு கிழிஞ்சா, ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் சேரும். சேரச் சேர மூளையை ஒரு பக்கமா அமுக்கிக் கீழ தள்ளும். கண்ணுக்குப் போற நரம்பு மூளைக்கு அடியிலதான் போகுது, அதை நசுக்கிரும். எந்தப் பக்கம் ரத்தமோ அந்தப் பக்கத்துக் கண்ணுப் பாப்பா மொதல்ல விரியும். அந்த நேரத்துல வந்தா ஓட்டைத் தொளைச்சு ரத்தத்தை எடுத்துப் பாக்கலாம். ரெண்டு கண்ணுமே விரிஞ்சு நின்னுருச்சுன்னா மூளையோட அடித்தண்டே நசுங்கிப்போச்சுன்னு அர்த்தம்."

"அப்படின்னா?"

டாக்டர் செவந்தியைப் பார்க்காமல் சொன்னார். "வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. ஆக வேண்டியதைப் பாருங்க."

ராக்கன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். செவந்தி அழவில்லை. ரெண்டு கண்ணும், ரெண்டு கண்ணும் என்று அந்த வார்த்தை மட்டும் அவளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. மத்தியானம் அவள் பார்த்தபோது இடது கண் நன்றாகத்தானே இருந்தது?

"எடது கண்ணு மொதல்ல நல்லா இருந்துச்சுங்க" என்றாள். "எலை வச்சுக் கட்டினப்புறந்தான் இப்படி ஆச்சு. சாறு கண்ணுல வழிஞ்சுச்சு."

போய்க்கொண்டிருந்த டாக்டர் திரும்பினார். "என்ன எலை?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ராக்கன் எழுந்துவிட்டான். "நொச்சிங்க. நொச்சி எலை. வீக்கத்துக்கு."

"நொச்சிக்குக் கண்ணு விரியாது." டாக்டரின் முகத்தில் வந்த வெளிச்சம் போய்விட்டது. ஆனாலும் விட மனசில்லாமல் கிட்டே வந்து நின்றார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நொச்சிதானா? சில எலைச் சாறு பட்டா கண்ணுப் பாப்பா தானா விரியும். மூளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஊமத்தைக்கு அப்படி ஆகும். அப்படி ஏதாச்சும்னா எடது கண்ணைக் கணக்குல சேக்க வேண்டியதில்ல, இவனைத் தொளைச்சுப் பாக்கலாம். நொச்சின்னா பிரயோசனமில்ல, சும்மா மண்டையைக் கிழிச்ச பாவந்தான் மிச்சம்."

வராந்தா பெஞ்சில் ஏட்டு காலை மாற்றிப் போட்டுக்கொள்கிற பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவு திறந்துதான் கிடந்தது.

ராக்கன் செவந்தியைப் பார்த்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் அவளை நேருக்கு நேர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். மிரட்டினானா, கெஞ்சினானா என்று சொல்ல முடியாத பார்வை. பச்சைப்பிள்ளைகள் மூன்றின் முகமும் செவந்திக்குத் தெரிந்தது. கடைக்குட்டி தினமும் அவள் மடியில்தான் சோறு தின்னும். மேஜைமேல் கிடந்தவனின் மூச்சு மறுபடி நின்றது. இந்தத் தடவை வருமா, வராதா? சாமி, யாருக்கும் இப்படி ஒரு நிலையைக் கொடுக்காதே!

மூச்சு வந்தது.

"ஊமத்தைங்க" என்றாள்.

"நல்லாத் தெரியுமாம்மா? ஊமத்தைதானா?"

"ஊறல் பானையில போடுறதுக்குக் காயோட ஒடிச்சுக் கட்டி வச்சிருந்தாக. கொட்டகையில கெடந்துச்சு. அதுலருந்துதான் உருவினாக. நான் பாத்தேன்."

பெஞ்சு கிரீச்சிட்டது. ஏட்டு வாசலில் வந்து நின்றார். டாக்டர் அவரைக் கவனிக்கவே இல்லை. ராக்கனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நெசமாய்யா? ஒன் தம்பி உசுருய்யா, சொல்லுய்யா!"

ராக்கன் ஏட்டைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். அப்புறம் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான்.

"ஊமத்தைதாங்க. எப்படியாச்சும் காப்பாத்துங்க."

"எந்தக் கண்ணும்மா மொதல்ல விரிஞ்சது? எதிர உக்காந்து பாத்திருப்ப, மாத்திச் சொல்லிராத."

"அவுக சோத்துக்கைப் பக்கத்துக் கண்ணுங்க. அந்தப் பக்கப் பொட்டுலதான் கை வச்சப்பக் கத்தினாக."

டாக்டர் சேவுகனின் வலது பொட்டில் விரலால் அழுத்திப் பார்த்தார். அங்கே மண்டையோடு மெல்லிசு, அதற்கு உள்பக்கமாக ஒட்டியே அந்த ரத்தக்குழாய் ஓடுகிறது. இதெல்லாம் அவருக்குப் புத்தகத்தில் தெரியும், மதராஸில் பிணத்தில் அறுத்துப் பார்த்தும் தெரியும். உயிருள்ள மண்டையை அவர் துளைத்ததில்லை. கத்தியைக் கேட்டு நீட்டிய கையை அவர் ஒரு தரம் பின்னுக்கு இழுத்துக்கொண்டதைச் செவந்தி பார்த்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போய்விட்டது.

"திருச்சிக்கு அனுப்பினா வழியிலேயே போயிருவான்" என்று நர்ஸ் தெய்வானையிடம் சொன்னார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "ஏட்டய்யா, ஒங்க வேலையை அப்புறம் பாருங்க. தலையை ஆடாமப் பிடிக்க எனக்குப் பலமான ஆள் வேணும்." ராக்கனைக் காட்டினார். "இவன் பிடிக்கட்டும்."

அப்படியாகத்தான் ராக்கன் தம்பியின் தலையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டான். செவந்தியை வெளியே போகச் சொன்னார்கள். அவள் வாசற்படியைத் தாண்டி நகரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது? தச்சன் கட்டிலுக்குத் துளை போடுகிறமாதிரி ஒரு சத்தம், கரகரவென்று. மரத்தில் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது எலும்பில் கேட்டது, அவள் புருஷனுடைய எலும்பில். வெறும் மூளைதான் இருந்தது, ரத்தமே இல்லை, நீ சொன்னது தப்பு என்று டாக்டர் இப்போது சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. தன் வாயால் புருஷனையும் கொன்று, மூத்தாரையும் ஜெயிலுக்கு அனுப்பி, மூன்று பிள்ளைகளையும் தெருவில் நிறுத்திவிட்டோம் என்று நினைத்தபோது, சுவரில் வைத்திருந்த அவள் கை நழுவியது. அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் நின்றது.

"இருக்கு!" என்று டாக்டர் கத்தினார். வைத்தியர் கத்துகிற கத்தலாக இல்லை, கிணறு வெட்டுகிறவன் ஊற்றுக் கண்டு கத்துகிற கத்தலாக இருந்தது. ஈரல் துண்டு மாதிரி கறுத்து உறைந்த ரத்தத்தை அவர் எடுத்து எடுத்துத் தட்டில் போட்டார். பிறகு உள்ளே இன்னும் வேலை இருந்தது, கிழிந்த குழாயைக் கட்டினார், கசிந்த இடத்தை அடைத்தார். எவ்வளவு நேரமோ. ஆனால் மூச்சு இடையிலே நிற்பது நின்று, ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்திருந்தது. டாக்டர் டார்ச்சை எடுத்து வலது கண்ணில் அடித்தார். பாப்பா மெல்லச் சுருங்கியது. "எடது அப்படியேதான் இருக்கும். அது எலையோட வேலை, தானா வடியும்" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ராக்கன் தம்பியின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. ஏட்டுதான் வந்து மெதுவாக எடுத்துவிட்டார். அவருக்கும் மனசு இருந்தது, ஆனால் உத்தியோகமும் இருந்தது. அன்று ராத்திரியே தோப்பைத் தோண்டப் போலீஸ் போய்விட்டது.

ஏட்டு கூட்டிக்கொண்டு போகும்போது ராக்கன் செவந்திக்குப் பக்கத்தில் நின்றான். மறுபடியும் பழைய வழக்கப்படி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "முழிச்சதும் என்னையக் கேப்பான். ஊருல இருக்கேன்னு சொல்லு தாயி. நீ சொன்னன்னு தெரிய வேணாம். பின்னால தெரிஞ்சாலும் நானே ஒத்துக்கிட்டதா இருக்கட்டும்."

சேவுகன் முழுதாகக் கண் திறக்க இரண்டு நாளாயிற்று. தலையில் பெரிய கட்டு. பார்த்தான். ஆளை அடையாளம் கண்டுகொண்டான். "செவந்தி" என்றான். அவள் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கஞ்சியை ஆற்றித் தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தாள்.

ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவன் வாசல் பக்கம் பார்த்தான். "அண்ணன் எங்க?"

ஊருல இருக்காக என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகியும் வைத்திருந்தாள்.

"ஜெயில்ல" என்றாள். "ஊறலைப் பத்தி ஏட்டுக்கு முன்னால நாந்தான் சொன்னேன். சொல்லலைன்னா நீங்க இல்ல."

சேவுகன் அவளையே பார்த்தான். "என்னையத் தோள்ல போட்டு வளத்தவருடி" என்றான், குரலே எழும்பாமல்.

"தெரியும்."

அவன் கட்டுப் போட்ட தலையை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். செவந்தி கஞ்சித் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவன் திரும்புவான் என்று உட்கார்ந்திருந்தாள்.